நம்பர் தெரியாமல் வந்தவர்கள்

போன மாதம் ஒரு மத்தியானம், நான் கடைசியாக வேலை பார்த்த நகல் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள்.

"மேடம், ஒரு அம்மா வந்து நிக்கிறாக. பழைய விவாகரத்துக் கேஸாம். நம்பரும் தெரியல, வருஷமும் தெரியல. கம்ப்யூட்டர்ல பேரைப் போட்டா ஒண்ணும் வரல. இல்லைன்னு சொல்லி அனுப்பிரவா?"

"மூத்த பிள்ளைக்கு இப்ப என்ன வயசுன்னு கேளு. புருஷன் விட்டுட்டுப் போனப்ப அது நடந்துச்சா, தவழ்ந்துச்சான்னு கேளு. அதுல இருந்து வருஷம் கிடைக்கும். வக்கீல் யாருன்னு கேளு. அவர் செத்திருந்தா அவரோட குமாஸ்தா யாருன்னு கேளு. அப்புறம் அந்த வருஷத்து ரிஜிஸ்டரை எடுத்து ஒண்ணாம் நம்பர்ல இருந்து பாரு."

"ஒவ்வொண்ணாவா மேடம்?"

"ஒவ்வொண்ணாத்தான்."

போனை வைத்ததும் கையெல்லாம் வலிப்பது போல் இருந்தது. வழக்குக் காகிதக் கட்டுகளைத் தூக்கி இறக்கிய வலி வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் விடுவதில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்விதான். இதையெல்லாம் எங்களுக்கும் யாரும் எழுதித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, தட்டச்சராக நீதிமன்ற வேலைக்கு வந்தேன். ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். முதல் சில வருடங்கள் தீர்ப்புகளை டைப் அடித்தேன், பிறகு நகல் பிரிவு, பிறகு ரிக்கார்டு ரூம், மறுபடி நகல் பிரிவு. மாவட்டத்துக்குள்ளேயே பல கோர்ட்டுகளில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். சொல்ல வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

அப்போது எங்கள் பக்கம் குடும்ப வழக்குகளுக்குத் தனிக் கோர்ட் கிடையாது. விவாகரத்து, பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்பதெல்லாம் சப் கோர்ட்டில் நடக்கும். ஜீவனாம்சம் என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். எந்தக் கோர்ட்டில் தன் வழக்கு நடந்தது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. "வேப்பமரம் நிக்குமே, அந்தக் கோர்ட்டு" என்பார்கள். எல்லாக் கோர்ட்டிலும் வேப்பமரம் நிற்கும்.

வருகிறவர்களில் அதிகம் பேர் பெண்கள். தீபாவளிக்கு முந்தின மாதங்களில் ஒருவரும் வர மாட்டார்கள். வெடி ஆபீசில், அதாவது பட்டாசுக் கம்பெனிகளில், சீசன், ஒரு நாள் கூலியை விட முடியாது. தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடக்கும் வாரங்களில்தான் வராந்தா நிறையும். இரண்டாம் கல்யாணத்துக்குப் பாதிரியார் டிக்ரி, அதாவது கோர்ட் தீர்ப்பாணையின் நகல் கேட்டார் என்று ஒருத்தி வருவாள். பாஸ்போர்ட் ஆபீசில் கேட்கிறார்கள் என்று ஒரு நர்ஸ் வருவாள். ரேஷன் கார்டில் ஒரு பெயர், கோர்ட்டில் இன்னொரு பெயர், வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது பெயர். அந்த நர்ஸின் கட்டை நாங்கள் தேடியெடுப்பதற்குள் அவள் போக வேண்டிய வேலைக்கு வேறொருத்தி போய்விட்டாள். அவள் கோபப்படவில்லை. நகலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த தடவைக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நகல் வாங்கும் முறை சொல்வதற்கு எளிது. மனு எழுதி, கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுக்க வேண்டும். வழக்கில் தரப்பாக இருந்தால் அவ்வளவே போதும். தரப்பில்லாத ஆள் என்றால் ஏன் வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். ஜட்ஜ் உத்தரவு போட வேண்டும். பிறகு ரிக்கார்டு ரூமிலிருந்து கட்டு வரும். எத்தனை தாள் ஆகும் என்று பலகையில் ஒட்டுவோம். அவர்கள் முத்திரைத்தாள் வாங்கித் தருவார்கள். நாங்கள் டைப் அடிப்போம். பின்னால் ஜெராக்ஸ் வந்தது. ஒருவர் அசலை வாசிக்க, இன்னொருவர் நகலை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் சீல்.

இதில் 'கட்டு வரும்' என்று ஒரு வார்த்தையில் சொன்னேனே, அங்கேதான் எங்கள் ஆயுசு போனது. ரிக்கார்டு ரூமில் ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் வெக்கை. துணியில் கட்டிய கட்டை இறக்கினால் ராமபாணப் பூச்சி கை மேல் ஓடும். மேல் கோர்ட்டுக்கு அப்பீலில் போன கட்டு திரும்பி வந்ததா என்பது இன்னொரு தேடல். வந்த கட்டை வேறு வருடத்து அலமாரியில் வைத்திருந்தால் அது மூன்றாவது தேடல்.

அந்த நாட்களில் எங்களுக்கு சிரஸ்தாராக இருந்தவர் ராஜமாணிக்கம் சார். கோர்ட் ஆபீசுக்குத் தலைமை எழுத்தர் மாதிரி. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மனுவோடு வருகிறவர்களுக்கென்று தன் மேஜைக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டிருப்பார். அதில் நாங்கள் உட்காரக் கூடாது. வந்தவர் பேசி முடிக்கும் வரை பேனா மூடியைத் திறக்க மாட்டார். திறந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். 'கட்டு கிடைக்கவில்லை' என்று நாங்கள் எழுதி அனுப்பினால், ஓரத்தில் பென்சிலால் 'யார் தேடியது? எந்த அலமாரி?' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். "இல்லைங்கது ஒரு பதில், தேடலைங்கது வேற பதில். ரெண்டையும் கலந்து எழுதாதீங்க" என்பார். அன்பான ஆள் என்று சொல்ல மாட்டேன். என் தங்கை கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு கொடுத்தார்.

அவர் இருந்தபோதுதான் சண்முகத்தாய் வந்தாள்.

நாற்பது வயது இருக்கும். சரவெடி பின்னுகிற வேலை. விரல் நகங்களில் வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வெடி ஆபீசில் நடந்த விபத்தில் அவளுடைய தங்கை முத்துலட்சுமி இறந்துபோயிருந்தாள். முத்துலட்சுமிக்கு ஒரே மகள், மகேஸ்வரி. ஆறாவது படிக்கிற பிள்ளை. அம்மா போனதிலிருந்து பெரியம்மாவிடம் இருந்தது.

பல வருடங்களுக்கு முன்னால் முத்துலட்சுமியோடு விவாகரத்து ஆகித் திருப்பூர் போன கருப்பசாமி, இப்போது வந்து மகளைக் கேட்டான். இரண்டாம் கல்யாணத்தில் அவனுக்குப் பிள்ளை இல்லை. பெரியம்மா தர மறுத்து, தன்னையே பிள்ளைக்குக் கார்டியனாகப் போடச் சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்டக் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தாள். பழைய வழக்கின் காகிதங்கள் எல்லாவற்றையும் வாங்கி வரச் சொல்லி அவளுடைய வக்கீல் எங்களிடம் அனுப்பியிருந்தார்.

சார் முன்னால் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "அந்தப் பிள்ளை எனக்குப் பொறக்கலைன்னு அவன் அன்னைக்குக் கோர்ட்டுல எழுதிக் குடுத்தான்யா. ஊருக்கே தெரியும். இன்னைக்கு எம்மகன்னு வந்து நிக்கான். எனக்கு அந்தத் தாள் வேணும். அவன் மூஞ்சிக்கு நேரா வாசிக்கச் சொல்லணும்."

"வழக்கு நம்பர்?"

"தெரியாதுய்யா."

சார் பேனாவைத் திறந்தார். "நீங்க அந்த வழக்குல தரப்பில்ல. மூன்றாம் நபர். பிரமாணப் பத்திரம் போடணும்."

"கூடப் பொறந்தவ எப்படிய்யா மூணாம் ஆளு?"

"காகிதத்துல அப்படித்தாம்மா."

அவள் பத்திரம் போட்டாள். ஜட்ஜ் உத்தரவு போட்டார். தேடுவது என் வேலை.

பிள்ளைக்கு அப்போது என்ன வயது என்று கேட்டேன். பால்வாடிக்குப் போகத் தொடங்கிய வருடம் என்றாள். அந்த வருடத்து ரிஜிஸ்டரில் முத்துலட்சுமி என்ற பெயரே இல்லை. அடுத்த வருடத்திலும் இல்லை. முந்தின வருடத்துக்குப் போனேன். அங்கே 'லட்சுமி' என்று ஒரு மனு, எதிர்மனுதாரர் கருப்பசாமி, ஊர் சரியாக இருந்தது. பெயரில் பாதியை யாரோ ஒரு எழுத்தர் விட்டிருந்தார். நம்பர் கிடைத்தது, கட்டு கிடைக்கவில்லை. 'கட்டு இல்லை' என்று எழுதப் போன என்னைச் சார் பார்த்த பார்வையில் மறுபடி உள்ளே போனேன். சில நாள் கழித்து, சொத்து வழக்குக் கட்டுகளுக்கு நடுவே அது இருந்தது. தும்மித் தும்மி மூச்சு வாங்கியது. சந்தோஷமெல்லாம் வரவில்லை. உட்கார வேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான்.

நகல் தயாராகிற நாட்களில் கருப்பசாமியும் வந்துவிட்டான். நெடுநெடுவென்று உயரம், சாயப்பட்டறையில் வேலை பார்த்துக் கை நிறம் மாறியிருந்தது. பெரியம்மா நகல் கேட்டிருப்பது அவன் காதுக்கு எட்டியிருந்தது. சாருக்கு முன்னால் இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"அய்யா, நான் அன்னைக்கு எழுதிக் குடுத்தத வாபஸ் வாங்கணும்."

"எத?"

"எதிர்மனு. வக்கீல் எழுதுனாக. கோவத்துல இருந்தேன், கையெழுத்துப் போட்டுட்டேன். அதை மட்டும் எடுத்துருங்க."

"கோர்ட்டுக்குள்ள வந்த காகிதத்த எடுக்க எனக்கும் அதிகாரம் இல்ல, உமக்கும் இல்ல."

"அது பொய்யின்னு இன்னொண்ணு எழுதிக் குடுக்கலாமாய்யா?"

"குடுக்கலாம். இங்க இல்ல, இப்போ நடக்குற வழக்குல. ஸ்ரீவில்லிபுத்தூர்ல."

"அப்படி எழுதுனா, அதுலயும் அந்த வார்த்தை வரும்ல?"

"வரும்."

"பிள்ளையையும் கோர்ட்டுக்குக் கூட்டியாரச் சொல்லியிருக்காக. அது முன்னாடி வாசிப்பாகளா?"

சார் பேனா மூடியைத் திறக்கவில்லை. அவனாகத்தான் எழுந்தான். கதவு வரை போய், செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவில் நடந்து போனான். அவன் மேல் எனக்கு அதுவரை இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. முழுதும் போகவில்லை.

நகலை ஒப்பிடும்போது அசலை வாசித்தது நான். எங்கள் வேலையில் வாசிப்பதைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. எழுத்து சரியா, கமா சரியா என்றுதான் கவனம் இருக்க வேண்டும். ஆனாலும் அந்த எதிர்மனுவை வாசித்தபோது நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. முத்துலட்சுமியைப் பற்றி எழுதியிருந்ததை இங்கே எழுத மாட்டேன். இரண்டு இடத்தில் குழந்தையின் பெயரைப் போட்டு, அது தன் குழந்தை இல்லை என்றிருந்தது. கட்டில் அதற்குப் பின்னால் சமரச மனு ஒன்று. அதில் முத்துலட்சுமி ஜீவனாம்சம் வேண்டாம் என்கிறாள். அவன் குழந்தை மேல் உரிமை கோர மாட்டேன் என்கிறான். இருவர் கையெழுத்தும் இருந்தது. அதன்படியே டிக்ரி. அவன் வாயை மூட வைக்க அவள் கொடுத்த விலை அந்த ஜீவனாம்சம் என்று எனக்குத் தோன்றியது.

ஒவ்வொரு காகிதத்துக்கும் தனித்தனி நகல், தனித்தனி சீல். சண்முகத்தாய் வந்து கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டு நேரம். ஆபீஸ் காலியாக இருந்தது.

"அம்மா, எனக்கு வாசிக்கத் தெரியாது. அவன் எழுதுனத மட்டும் வாசிச்சுக் காட்டுங்க."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, முழுவதையும் மெதுவாக வாசித்தேன். தங்கையைப் பற்றிய பகுதியில் அவள் அசையவில்லை. குழந்தை பெயர் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

"பிள்ளை பேரைப் போட்டா எழுதியிருக்கான்?"

"ஆமா."

"எங்கன? காட்டுங்க."

விரலை வைத்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ எல்லாத்தையும் வாசிப்பாம்மா. வடை மடிச்ச பேப்பரைக்கூட விட மாட்டா. பஸ்ல போனா போர்டு பூரா வாசிச்சுக்கிட்டே வருவா." தாளைத் தொட்டுக் காட்டி, "இத வக்கீல்கிட்ட குடுத்தா வாசிக்கத்தான செய்வாக?"

"குடுத்தா அது வழக்குல சேர்ந்திரும். ரெண்டு பக்கமும் வாசிப்பாக. ஜட்ஜ் தீர்ப்புலயும் எழுதலாம்."

"தீர்ப்பு நாளைக்கும் இருக்குமா?"

"இருக்கும்."

"மத்த ரெண்டு தாளு மட்டும் குடுத்தா ஜெயிப்பமா?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. எனக்குத் தெரியவும் தெரியாது. அம்மா இல்லாத பிள்ளைக்கு அப்பாதான் கார்டியன்னு அவங்க வக்கீல் சொல்வாரு. இது இருந்தா உங்க பக்கம் பலம்."

"இது இல்லாம தோத்துட்டா, பிள்ளை திருப்பூருக்குப் போயிருவா."

"போகலாம்."

அவள் எதிர்மனு நகலை மட்டும் நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். டிக்ரியையும் சமரச மனுவையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டாள். போகும்போது, "என் தங்கச்சி உசிரோட இருந்தா என்னைய வெளக்கமாத்தாலதான் அடிச்சிருப்பா, இதக் கேட்டு வந்ததுக்கு" என்றாள்.

உள்ளே வந்தபோது சார் தன் இடத்தில் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டிருக்கும். "என்னென்ன வாசிச்சுக் காட்டினீங்க?" என்றார். சொன்னேன். "யோசனை ஏதும் சொன்னீங்களா?" இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த மனுவை எடுத்தார்.

பல வாரங்கள் அவள் நினைப்பு என்னை விடவில்லை. ஆயிரம் பேருக்கு நகல் கொடுத்திருக்கிறோம். வாங்கிப் போகிறவர்கள் என்ன ஆனார்கள் என்று எங்களுக்குத் தெரிய வருவதே இல்லை. இந்த வேலையில் என்னைக் களைக்க வைத்தது தூசியை விட அதுதான்.

சண்முகத்தாய் மட்டும் மறுபடி வந்தாள். நகல் கேட்டு வரவில்லை. முடிந்ததைச் சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றாள். முகம் மெலிந்திருந்தது. என் மேஜை ஓரத்தில் நின்றபடியே சொன்னாள்.

வக்கீலிடம் இரண்டு தாளைத்தான் கொடுத்திருக்கிறாள். "அது எங்கே?" என்று அவர் கேட்டதற்கு, "அது வேண்டாம் சார்" என்றிருக்கிறாள். "தோக்கணும்னு முடிவு பண்ணிட்டா எங்கிட்ட எதுக்கு வந்தீங்க" என்று அவர் கத்தியிருக்கிறார். இவள் மாறவில்லை. விசாரணை நாளில் மகேஸ்வரியை ஜட்ஜ் தன் அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். பிள்ளை பெரியம்மாவோடு இருக்கிறேன் என்றது. அப்பா யார் என்று தனக்குச் சரியாகத் தெரியாது, பார்த்ததில்லை என்றும் சொன்னதாம். பிறகு கோர்ட் ஹாலில் இவளுடைய வக்கீல் டிக்ரியைக் கொடுத்து வாதாடினார். அந்தப் பக்கத்து வக்கீல், அப்பா உயிரோடு இருக்கும்போது வேறொருவர் எப்படி என்று கேட்டார்.

"அவன் வாதம் எதையும் கேக்கலம்மா. என் பையையே பாத்துக்கிட்டு நின்னான். எப்ப எடுக்கப் போறேன், எப்ப எடுக்கப் போறேன்னு. எங்க வக்கீல் உக்காந்துட்டாரு. அப்பவும் பையத்தான் பாக்கான். ஜட்ஜம்மா அவனப் பாத்து, நீங்க ஏதாச்சும் சொல்லணுமான்னு கேட்டாக."

"என்ன சொன்னான்?"

"பிள்ளை அங்கனயே இருக்கட்டும்மா, அப்பப்ப வந்து பாக்க மட்டும் விடச் சொல்லுங்கன்னான். அவன் வக்கீலே திகைச்சுப் போய்ட்டாரு."

ஜட்ஜ் அப்படியே உத்தரவு போட்டுவிட்டார். பெரியம்மா கார்டியன், லீவு நாட்களில் அப்பா வந்து பார்க்கலாம்.

"வெளிய வந்தோம். பிள்ளை எங்கக்கா மகனோட தண்ணி குடிக்கப் போயிருந்தா. அவன் தனியா நின்னான். ஜாக்கெட்டுக்குள்ள இருந்த தாளை எடுத்து, இந்தா, இது உன்னுதுன்னு குடுத்தேன். வாங்கிப் பிரிச்சுப் பாத்தான். அங்கனயே குத்த வச்சு உக்காந்துட்டான். ஏம் மதினி இதக் காட்டலைன்னான். உனக்காக ஒண்ணும் இல்லலே, அவளுக்காகத்தான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"இப்ப வாரானா?"

"ரெண்டு தடவ வந்தான். பிள்ளைக்கு அளவு தெரியாம துணி எடுத்துட்டு வாரான். அவ பேச மாட்டேங்கா. அவனும் உக்காந்துட்டுப் போறான்."

அவளிடம் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. கிழித்தாலும் எரித்தாலும் போனது நகல்தான். உண்மையைச் சொல்லாமல் அனுப்புவது சரியில்லை.

"அம்மா, நீங்க அவன்கிட்ட குடுத்தது நகல். அசல் எங்க கட்டுலதான் இருக்கு. தெரியும்ல?"

"தெரியும்மா" என்றாள் சண்முகத்தாய். "அது இங்கன இருந்துட்டுப் போகட்டும். எங்க வீட்டுல இருக்க வேண்டாம்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். அன்று மாலை ரிக்கார்டு ரூமுக்குப் போய், நகல் எடுத்ததிலிருந்து திருப்பி வைக்காமல் கிடந்த அந்தக் கட்டை அதற்குரிய வருடத்து அலமாரியில், அதற்குரிய நம்பரில் வைத்தேன். நான் அங்கே இருந்த வரை அதைக் கேட்டு யாரும் வரவில்லை.